தொப்பையோடு ரிங்குக்குத் திரும்பிய பாதிரியார்... 45 வயதில் உலக சாம்பியன்! - ஜார்ஜ் ஃபோர்மேனின் 'செகண்ட் இன்னிங்ஸ்'

ஒரு படத்தோட கதை சொல்றேன், கேளுங்க.

ஹீரோ ஒரு முன்னாள் பாக்ஸிங் சாம்பியன். 28 வயசுல எல்லாத்தையும் தூக்கிப்போட்டுட்டு பாதிரியார் ஆகிடுறார். பத்து வருஷம் ரிங் பக்கமே தலைவெச்சுப் படுக்கல. 38 வயசுல, மொட்டைத் தலையும் 121 கிலோ உடம்புமா மறுபடியும் க்ளவுஸ் மாட்டுறார். ஊரே சிரிக்குது. அவரும் கூடச் சேர்ந்து சிரிக்கிறார். ஏழரை வருஷம் கழிச்சு, 45 வயசுல, அதுவரை ஒரு மேட்ச்கூட தோற்காத 26 வயசு சாம்பியனை ஒரே ஒரு வலது கைக் குத்துல சாய்ச்சு உலகப் பட்டத்தைத் திரும்ப வாங்குறார். அன்னைக்கு அவர் போட்டிருந்தது, 20 வருஷத்துக்கு முன்னாடி அந்தப் பட்டத்தைப் பறிகொடுத்தப்போ போட்டிருந்த அதே சிவப்பு டிராயர்.

இதை ஒரு தயாரிப்பாளர்கிட்ட சொன்னா என்ன சொல்வார்? "கதை நல்லாருக்கு தம்பி. கொஞ்சம் நம்புற மாதிரி மாத்தி எழுதிட்டு வாங்க."

ஆனா, ஒரு சீன்கூட கற்பனை இல்லை. அவர் பெயர் ஜார்ஜ் ஃபோர்மேன். 2025 மார்ச் மாதம், 76 வயதில் இறந்துபோனார்.

வயசான பாக்ஸர் திரும்பி வர்ற கதை என்றால் ஹாலிவுட்டுக்கு அல்வா சாப்பிடுற மாதிரி. 2006-ல் வந்த 'ராக்கி பால்போவா' படத்தில், சில்வஸ்டர் ஸ்டாலோன் 60 வயதில் மறுபடியும் ரிங்கில் இறங்கினார். 2013-ல் அதையே முழு நீள காமெடியாக்கி 'கிரட்ஜ் மேட்ச்' எடுத்தார்கள். ஒரு பக்கம் 'ராக்கி' ஸ்டாலோன், இன்னொரு பக்கம் 'ரேஜிங் புல்' படத்தில் பாக்ஸராக நடித்து ஆஸ்கர் வாங்கிய ராபர்ட் டி நீரோ. ஆளுக்கு ஒரு மேட்ச் ஜெயித்த இரண்டு பழைய எதிரிகள், நடக்காமலேபோன மூன்றாவது மேட்சுக்காக 30 வருடம் கழித்து மோதிக்கொள்ளும் கதை. பிட்ஸ்பர்க் நகரத்தில் நடக்கும். 'ராக்கி'யில் இறைச்சிக்கூடத்தில் தொங்கும் மாட்டிறைச்சியைக் குத்திப் பயிற்சி எடுப்பாரே... இதில் அதே மாதிரி குத்தப்போகும்போது, கூட இருப்பவர்கள் தடுத்துவிடுவார்கள். படத்தில் நான் சத்தமாகச் சிரித்த இடம் அதுதான்.

இந்த மாதிரி படங்களின் காமெடி எங்கிருந்து வருது? மனசு 'போலாம்'னு சொல்லும், முட்டி 'முடியாது'ன்னு சொல்லும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிற ஆள், பழைய நினைப்பில் ஸ்டைலாக ஓட ஆரம்பிப்பார். நாலாவது அடியில் இடுப்பைப் பிடித்துக்கொள்வார். நம்ம வீட்டில், கல்யாண மண்டபத்தில், கிரிக்கெட் கிரவுண்டில் தினமும் பார்க்கிற காட்சிதான். அதனால்தான் சட்டென்று சிரிப்பு வருது.

ஃபோர்மேன் கதையும் இப்படித்தான் ஆரம்பித்தது. எங்கே மாறியது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதல் படத்தில் அவர்தான் வில்லன்

பின்னாளில் டி.வி-யில் கிரில் விற்றுக்கொண்டு, கன்னம் உப்ப சிரித்த தாத்தாவை மட்டும் பார்த்தவர்களுக்கு இதை நம்புவது கஷ்டம். 1970-களின் ஃபோர்மேன் சிரிக்கவே மாட்டார்.

1949-ல் டெக்சாஸ் மாநிலத்தின் மார்ஷலில் பிறந்து, ஹூஸ்டனின் 'ஃபிஃப்த் வார்டு' பகுதியில் வளர்ந்தவர். வீட்டில் வறுமை. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு, தெருவில் வழிப்பறி செய்துகொண்டிருந்த பையன். அரசாங்கத்தின் 'ஜாப் கார்ப்ஸ்' என்ற வேலைப்பயிற்சித் திட்டத்தில் சேர்ந்த பிறகுதான் பாக்ஸிங் அறிமுகமாகிறது. டாக் பிராடஸ் என்ற பயிற்சியாளர், அந்தக் கோபத்தை ரிங்குக்குள் திருப்பிவிட்டார். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் ஹெவிவெயிட் தங்கம். 1973 ஜனவரியில், ஜமைக்காவின் கிங்ஸ்டனில் அதுவரை தோற்காத ஜோ ஃப்ரேசியரை இரண்டே ரவுண்டுகளில் ஆறு முறை கீழே தள்ளி உலக சாம்பியன் ஆனார்.

அடுத்த வருடம், 1974 அக்டோபர் 30. ஜயர் நாட்டின் (இன்றைய காங்கோ) தலைநகர் கின்ஷாசாவில் முகமது அலியுடன் மோதல். ஆளுக்கு 50 லட்சம் டாலர் சம்பளம். ஃபோர்மேன் தன் ஜெர்மன் ஷெப்பர்டு நாயோடு போய் இறங்கினார். பெல்ஜியத்தின் காலனி ஆட்சியில் போலீஸ்காரர்கள் மக்கள் மீது ஏவிவிட்ட அதே இன நாய். அவருக்கு அது தெரியாது. ஆனால் அந்த ஊர்க்காரர்களுக்கு அது மறக்குமா? ஏற்கெனவே அலி பக்கம் சாய்ந்திருந்த கூட்டம், 'அவனைக் கொன்னுடு அலி' என்ற அர்த்தத்தில் 'அலி, போமாயே' என்று கோஷம் போட்டது.

மேட்சில் நடந்ததும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அலி கயிற்றில் சாய்ந்துகொண்டு அடி வாங்கினார். ஃபோர்மேன் ஆத்திரம் தீர அடித்தார், அடித்தார், அடித்துக்கொண்டே இருந்தார். எட்டாவது ரவுண்டில் கையைத் தூக்கவே தெம்பில்லாமல் நின்றபோது, அலி சுழன்று வந்து அடித்தார். நாக் அவுட்!

இதை வைத்து எடுத்த 'வென் வீ வேர் கிங்ஸ்' ஆவணப்படம் பின்னாளில் ஆஸ்கர் வாங்கியது. அந்தப் படத்தில் ஹீரோ யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. ஃபோர்மேன், ஹீரோ ஜெயிப்பதற்காக நிறுத்திவைக்கப்பட்ட மலை.

அந்தத் தோல்வியிலிருந்து அவர் மீளவே இல்லை. 1977 மார்ச்சில், போர்ட்டோ ரிக்கோவில் ஜிம்மி யங்கிடம் 12 ரவுண்டுகள் ஆடித் தோற்றார். வெயில், சோர்வு, உடம்பில் தண்ணீர் இல்லை. டிரெஸ்ஸிங் ரூமில் தான் செத்துக்கொண்டிருப்பதாக உணர்ந்ததாகவும், அங்கே கடவுளைக் கண்டதாகவும் பின்னர் சொன்னார். அதை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் அந்த அறையிலிருந்து வெளியே வந்தவர் வேறு ஆள். ஹூஸ்டனில் பாதிரியார் ஆனார். தெருமுனைகளில் நின்று பிரசங்கம் செய்தார். 1984-ல், தன்னைப்போலவே தெருவில் சுற்றிக்கொண்டிருந்த பையன்களுக்காக ஓர் இளைஞர் மையம் ஆரம்பித்தார்.

இங்கேதான் கதை திரும்புகிறது. மையத்தை நடத்தப் பணம் இல்லை. யாரிடமும் நன்கொடை கேட்டு நிற்கவும் அவருக்குப் பிடிக்கவில்லை. பணம் சம்பாதிக்க அவருக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான்.

"சீஸ் பர்கர்தான் என் டயட்!"

1987 மார்ச் 9. கலிஃபோர்னியாவின் சேக்ரமென்டோ. எதிரில் ஸ்டீவ் ஜவுஸ்கி என்ற பெரிதாகப் பெயர் இல்லாத பாக்ஸர். ஃபோர்மேனின் எடை 267 பவுண்டு, அதாவது 121 கிலோ. கின்ஷாசாவில் அவர் எடை 100 கிலோதான். நான்காவது ரவுண்டில் ஃபோர்மேன் ஜெயித்தார். ஆனால் யாரும் அதை சீரியஸாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஏன் எடுத்துக்கொள்ளவில்லை என்பதும் நியாயம்தான். அதுவரை அதிக வயதில் ஹெவிவெயிட் உலகப் பட்டம் ஜெயித்தவர் ஜெர்சி ஜோ வால்காட். 1951-ல் அவர் ஜெயித்தபோது வயது 37. ஃபோர்மேன் திரும்பி வரும்போதே 38!

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. அதே 38 வயதில்தான், 1980 அக்டோபரில், முகமது அலி ஓய்விலிருந்து திரும்பி லேரி ஹோம்ஸோடு மோதினார். பத்து ரவுண்டுகள் ஒருதலைப்பட்சமான அடி. பார்க்க முடியாமல், அலியின் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டீ மேட்சை நிறுத்தினார். நான்கு வருடங்களில் அலிக்கு பார்க்கின்சன் நோய் இருப்பது உலகத்துக்குத் தெரிந்தது. 'ஓய்வு பெற்ற பாக்ஸர் திரும்பி வர்றார்' என்றாலே எல்லோருக்கும் அந்த இரவு ஞாபகம் வந்தது. ஆக, ஃபோர்மேனைப் பார்த்துச் சிரித்தவர்களில் பாதிப்பேர் பயத்தில் சிரித்தவர்கள். (ஏஞ்சலோ டண்டீ என்ற பெயரை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. கிளைமாக்ஸ்ல திரும்ப வருவார்.)

அந்தக் கிண்டலை ஃபோர்மேன் என்ன செய்தார் தெரியுமா? அவரே முந்திக்கொண்டார். பத்திரிகையாளர்கள் தொப்பையைப் பற்றிக் கேட்பதற்குள், சீஸ் பர்கர் மேல் தனக்கு இருக்கும் காதலைப் பற்றி அவரே பேச ஆரம்பித்துவிடுவார். 'நீங்க டம்மி ஆளுங்களா பார்த்துச் சண்டை போடுறீங்களாமே?' என்றார்கள். ஆஸ்பத்திரியில் செயற்கை சுவாசத்தில் இருக்கிறவர்களைத்தான் தேடிப்பிடிக்கிறேன் என்பது அபாண்டம், அதிலிருந்து வெளியே வந்து சில நாளாவது ஆகியிருக்க வேண்டும் என்பதுதான் என் கண்டிஷன் என்றார். தன் ஐந்து மகன்களுக்கும் ஜார்ஜ் என்றே பெயர் வைத்தவர். ஏன் என்று கேட்டால், அலி, ஃப்ரேசியர், நார்ட்டன், ஹோலிஃபீல்டு இத்தனை பேர்கிட்டேயும் தலையில் அடி வாங்கினால், உங்களுக்கு மட்டும் நிறைய பேர் ஞாபகம் இருக்குமா என்பார். செம டைமிங்!

நாய் சகிதம் வந்து இறங்கிய அந்த முறைப்புக்கார ஆளா இது என்று பழைய நிருபர்கள் திகைத்துப்போனார்கள். மக்களுக்கு அவரைப் பிடிக்க ஆரம்பித்தது. டிக்கெட் விற்றது. விளம்பரங்கள் வந்தன. 1993-ல் ஏ.பி.சி சேனல் 'ஜார்ஜ்' என்ற பெயரில் அவரை வைத்து ஒரு காமெடி சீரியலே எடுத்தது. ஓய்வுபெற்ற பாக்ஸர் ஒருவர் சேட்டைக்காரப் பிள்ளைகளை வழிக்குக் கொண்டுவரும் கதை. வந்த வேகத்தில் நின்றுபோனது என்பது வேறு விஷயம்.

காமெடிக்குப் பின்னால் என்ன நடந்துச்சு?

சிரிப்புச் சத்தத்தில் பலரும் கவனிக்காமல் விட்டது இதைத்தான். அந்த மனிதர் தன் உடம்பைப் பற்றிய உண்மையை ஒப்புக்கொண்டு, அதற்கேற்ற மாதிரி வேறு ஒரு பாக்ஸிங்கைக் கட்டிக்கொண்டிருந்தார்.

வயதாகும்போது பாக்ஸருக்கு முதலில் போவது கால். பாய்ந்து போய் அடிக்க முடியாது, விலகித் தப்பிக்கவும் முடியாது. அடுத்து, குத்து வருவதைப் பார்த்து உடம்பு நகர்கிற நேரம் கூடிக்கொண்டே போகும். ஆனால் குத்தின் பலம் மட்டும் கடைசியாகத்தான் போகும் என்பது பாக்ஸிங் உலகில் சகஜமாகச் சொல்லும் பேச்சு. ஃபோர்மேன் அந்த ஒன்றை மட்டும் முதலாக வைத்துக்கொண்டார்.

ஓடுவதை நிறுத்திவிட்டார். ரிங்கின் நடுவில் மெதுவாக, ரோடு ரோலர் மாதிரி எதிராளியை நோக்கி நடப்பார். இடது கையால் 'ஜேப்' எனப்படும் நேர்குத்து விட்டுக்கொண்டே இருப்பார். பார்க்க சாதாரணமாகத் தெரியும். ஆனால் 110 கிலோவுக்கு மேல் இருக்கும் ஆளின் முழு எடையும் அதற்குப் பின்னால் இருக்கும். தற்காப்புக்கு, இரண்டு கைகளையும் முகத்துக்கு முன்னால் குறுக்காக மடித்துக்கொள்வார். ஆர்ச்சி மூர் என்ற பழைய சாம்பியன் பயன்படுத்திய முறை அது. கின்ஷாசாவில் ஃபோர்மேன் குழுவில் இருந்தவர்தான் மூர். அப்போது அந்த இளம் சாம்பியனுக்குத் தற்காப்பே தேவைப்படவில்லை. வேகமாக விலக முடியாதவர்களுக்கு அதுதான் சரியான கவசம் என்பது நாற்பதை நெருங்கும்போது புரிந்தது.

இன்னொரு விஷயம்... ரவுண்டுகளுக்கு இடையில் ஒரு நிமிட ஓய்வில் எல்லா பாக்ஸர்களும் ஸ்டூலில் உட்காருவார்கள். செகண்ட் இன்னிங்ஸில் ஃபோர்மேன் உட்காரவே மாட்டார். கயிற்றைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருப்பார். எதிர் மூலையில் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இளைஞன் நிமிர்ந்து பார்த்தால், இந்த 'கிழவர்' நின்றுகொண்டிருப்பார். மைண்ட் கேம்!

எல்லாவற்றையும்விட முக்கியமான மாற்றம், கோபம் போனது. கின்ஷாசாவில் 25 வயசு ஃபோர்மேனைத் தோற்கடித்ததில் பாதிப் பங்கு அலிக்கு என்றால், மீதிப் பங்கு அவருடைய ஆத்திரத்துக்கு. ஒவ்வொரு குத்தையும் கொலைவெறியோடு விட்டு, எட்டாவது ரவுண்டில் காலியாகிப் போனார். இப்போது இருப்பவர், ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்து பழகியவர். அவசரம் கிடையாது. எதிராளி நாலு குத்து விட்டால் பரவாயில்லை என்று வாங்கிக்கொண்டு, ஒரு நல்ல குத்துக்காகக் காத்திருப்பார். இளமையில் இல்லாத பொறுமை நடுவயதில் வந்தது. அலி அவருக்குக் கொடுத்த பாடத்தை, 15 வருடம் கழித்து அவர் மற்றவர்கள் மீது பிரயோகித்தார் என்றுகூடச் சொல்லலாம்.

டம்மி ஆட்கள் என்று கிண்டல் செய்தார்களே, அதிலும் கணக்கு இருந்தது. பத்து வருடம் துருப்பிடித்த உடம்பை நேராகப் பெரிய மேட்சில் கொண்டுபோய் நிறுத்தாமல், சின்னச் சின்ன மேட்ச்களாக ஆடி சீர் செய்தார். 24 மேட்ச்கள், 24-லும் வெற்றி. அதன் பிறகுதான், 1991 ஏப்ரலில், 28 வயது சாம்பியன் இவாண்டர் ஹோலிஃபீல்டோடு மோதினார். 42 வயது ஃபோர்மேன் 12 ரவுண்டுகளும் நின்று தோற்றார். கீழே விழவே இல்லை. அன்றோடு கேலி பாதியாகக் குறைந்தது.

எல்லாமே ஏறுமுகம் இல்லை. 1992-ல் அலெக்ஸ் ஸ்டீவர்ட்டோடு நடந்த மேட்சில் ஜெயித்தாலும், முகம் அடையாளமே தெரியாத அளவுக்கு வீங்கியது. அந்தப் போட்டோக்களைப் பார்த்தால் சிரிப்பு வராது. 1993-ல் டாமி மாரிசனிடம் தோற்றார். யார் இந்த மாரிசன்? 'ராக்கி 5' படத்தில், ராக்கியின் சிஷ்யனாக வந்து அவரையே எதிர்க்கும் டாமி கன்னாக நடித்தவர். நிஜ பாக்ஸர்! 44 வயதில், சினிமாவில் நடித்த ஒரு இளைஞனிடம் தோல்வி. 'போதும் சார், வீட்டுக்குப் போங்க' என்று எல்லோரும் சொன்னார்கள்.

மூன்று நிமிடத்தில் இரண்டு நிமிடம்...

1994 நவம்பர் 5. லாஸ் வேகாஸின் எம்.ஜி.எம் கிராண்டு. எதிரில் மைக்கேல் மூரர். வயது 26. 35 மேட்ச், 35-லும் வெற்றி. ஹோலிஃபீல்டைத் தோற்கடித்துப் பட்டம் வாங்கியவர். ஃபோர்மேன் ஒலிம்பிக் தங்கம் வாங்கிய நாளில், மூரர் ஒரு வயதுகூட நிரம்பாத குழந்தை.

இந்த மேட்சே நடந்திருக்காது. டபிள்யூ.பி.ஏ அமைப்பு, ஃபோர்மேனை சாம்பியன் பட்டத்துக்கு மோத அனுமதிக்க மறுத்தது. தோல்வியிலிருந்து நேராக வருகிறார், போதாக்குறைக்கு 45 வயது. அவர் நெவாடா நீதிமன்றத்துக்குப் போனார். வயதைக் காட்டி என் பிழைப்பைத் தடுக்கக் கூடாது என்பது வாதம். நீதிபதி அவர் பக்கம் தீர்ப்பு சொன்னார். மேட்ச் ஓகே ஆனது.

சிவப்பு டிராயரோடு வந்தார் ஃபோர்மேன். 20 வருடப் பழசு. அவருடைய மூலையில் நின்றது யார் தெரியுமா? ஏஞ்சலோ டண்டீ. கின்ஷாசாவில் எதிர் மூலையில், அலிக்குப் பக்கத்தில் நின்றவர். 1980-ல், 38 வயது அலி அடிவாங்குவதைப் பார்க்கப் பொறுக்காமல் மேட்சை நிறுத்தியவர். திரும்பி வந்த பாக்ஸருக்கு என்ன ஆகும் என்பதை அவரைவிட நெருக்கத்தில் பார்த்தவர் யாரும் இல்லை. அவர், இப்போது 45 வயது ஆளுக்குத் துண்டு பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

ஒன்பது ரவுண்டுகள் மூரரின் ராஜ்ஜியம். ஃபோர்மேனின் முகம் வீங்குகிறது. மூன்று நடுவர்களின் அட்டையிலும் மூரர்தான் முன்னால். மூரரின் பயிற்சியாளர் டெடி அட்லஸுக்கு மட்டும் ஒரு பயம். அந்தக் கிழவருக்கு நேராக நிற்காதே, நகர்ந்துகொண்டே இரு என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். ஆனால், ஜெயித்துக்கொண்டிருக்கும் 26 வயதுக்காரர் எதற்கு நகரணும்?

பத்தாவது ரவுண்டு. இரண்டு நிமிடம் ஆகும்போது, இடது, வலது என்று இரண்டு குத்துகள். அந்த வலது குத்து மூரரின் தாடையில் இறங்குகிறது. அவர் மல்லாந்து விழுகிறார். பத்து எண்ணும் வரை எழவில்லை.

யூடியூபில் இந்த ரவுண்டு இருக்கிறது. போனில் முதல் தடவை பார்த்தபோது எனக்குக் குத்து விழுந்ததே தெரியவில்லை. ஓங்கி அடிப்பது, ஸ்லோமோஷன், பின்னணி இசை எதுவும் இல்லை. ஒரு அடி தூரம்கூடப் பயணிக்காத குத்து. 'அய்யோ, என்னாச்சு'ன்னு மூன்று தடவை பின்னால் இழுத்துப் பார்த்தேன். ஒன்பது ரவுண்டுகள் அந்த இடது கை நேர்குத்துகளை வாங்கி வாங்கி, மூரர் அவருக்கு எதிரில் நிற்கப் பழகியிருந்தார். அந்தப் பழக்கத்துக்காகத்தான் ஃபோர்மேன் ஒன்பது ரவுண்டுகள் காத்திருந்தார்.

ஜெயித்ததும் குதிக்கவில்லை, கத்தவில்லை. தன் மூலைக்குப் போய் மண்டியிட்டுப் பிரார்த்தனை செய்தார். ஹெவிவெயிட் பட்டத்தை அதிக வயதில் ஜெயித்தவர் என்ற சாதனை இன்னமும் அவர் பெயரில்தான் இருக்கிறது. எல்லா எடைப் பிரிவுகளையும் சேர்த்தால், 2011-ல் 46 வயதில் ஜெயித்த பெர்னார்டு ஹாப்கின்ஸ் அவரைத் தாண்டினார்.

படமாக எடுத்தாங்க... ஆனா?

2023-ல் 'பிக் ஜார்ஜ் ஃபோர்மேன்' என்று ஒரு படம் வந்தது. கிரிஸ் டேவிஸ் ஃபோர்மேனாகவும், ஃபாரஸ்ட் விட்டேகர் டாக் பிராடஸாகவும் நடித்திருந்தார்கள். வறுமை, ஒலிம்பிக், அலி, பிரசங்கம், மூரர் என்று வரிசையாக எல்லாமே இருக்கும். பாக்ஸ் ஆபீஸில் எடுபடவில்லை.

என் கருத்தைச் சொன்னால், தப்பு எங்கேன்னா, அதை ரொம்ப பவ்யமாக எடுத்துவிட்டார்கள். அற்புதம் நடந்த கதையாகச் சொன்னார்கள். நிஜத்தில் அது ஏழரை வருட காமெடி. சீஸ் பர்கர் ஜோக்கை எடுத்துவிட்டால் அந்த நாக் அவுட்டுக்குப் பாதி அர்த்தம் போய்விடும். 'கிரட்ஜ் மேட்ச்' மாதிரி படங்களுக்கு இதற்கு நேர்மாறான பிரச்னை. அங்கே மூச்சு வாங்கும் காமெடி இருக்கும், ஆபத்து இருக்காது. கிளைமாக்ஸில் இரண்டு தாத்தாக்களுக்கும் ஒன்றும் ஆகாது என்பது நமக்கு டிக்கெட் எடுக்கும்போதே தெரியும். ஃபோர்மேன் ரிங்கில் ஏறிய ஒவ்வொரு முறையும் அது யாருக்கும் தெரியாது. ஹோம்ஸிடம் அடிவாங்கிய அலியைப் பார்த்த தலைமுறை அது.

அதனால் 'நாற்பதுக்கு மேல எல்லாரும் கிளம்புங்க'ன்னு நான் சொல்ல மாட்டேன். தலையில் விழும் அடிக்கு மோட்டிவேஷன் வீடியோ தெரியாது. ஃபோர்மேனுக்கு வாய்த்தது பலருக்கு வாய்க்கவில்லை.

பட்டம் வாங்கிய பிறகும் கொஞ்ச நாள் ஆடினார். 1997 நவம்பரில், 48 வயதில், ஷானன் பிரிக்ஸிடம் நடுவர்களின் பெரும்பான்மை முடிவில் தோற்றதுதான் கடைசி மேட்ச். ஃபோர்மேன்தான் ஜெயித்தார் என்று இன்றும் சண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்குள் அவர் பெயரில் வந்த கிரில் உலகம் முழுக்க விற்க ஆரம்பித்திருந்தது. கொழுப்பை வடித்துவிடும் என்ற விளம்பரத்தோடு, கொழுப்புக்காகக் கிண்டல் செய்யப்பட்ட ஆளே வந்து விற்றார்! 1999-ல் தன் பெயரைப் பயன்படுத்தும் உரிமையை மட்டும் 13 கோடி டாலருக்கும் அதிகமாக விற்றார். பாக்ஸிங்கில் சம்பாதித்ததைவிட அது அதிகம். இளைஞர் மையத்துக்காக யாரிடமும் கையேந்தும் நிலைமை அதன் பிறகு வரவில்லை.

1997 மார்ச்சில் 'வென் வீ வேர் கிங்ஸ்' ஆஸ்கர் வாங்கியபோது, அலியும் ஃபோர்மேனும் அரங்கில் இருந்தார்கள். பார்க்கின்சன் நோயால் தளர்ந்திருந்த அலி மேடைப் படி ஏறக் கஷ்டப்பட்டபோது, கைபிடித்து ஏற்றிவிட்டவர் ஃபோர்மேன்.

2004-ல், 55 வயதில், இன்னொரு தடவை ரிங்கில் இறங்கப் பயிற்சி எடுக்க ஆரம்பித்தார். 55 என்பது ஒன்றும் மரண தண்டனை இல்லை என்று காட்ட வேண்டுமாம். மேட்ச் நடக்கவில்லை. டபிள்யூ.பி.ஏ-வை எதிர்த்து நீதிமன்றம் வரைக்கும் போய் ஜெயித்தவர், இந்த முறை வீட்டில் மனைவியிடம் அனுமதி வாங்க முடியாமல் போய்விட்டார் என்பதுதான் அப்போது எல்லோரும் பேசிக்கொண்டது.